திங்கட்கிழமைத் திமிங்கலம்

அந்த நாட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எவை எவை உண்டோ, அத்தனையையும் கார்டும் டீச்சரும் பார்த்துவிட்டார்கள். அத்தனையையும் வெளியில் நின்று பார்த்தார்கள். கோட்டையின் கதவு நல்ல மரம், பித்தளைக் குமிழ் வைத்தது. அரண்மனைக் கதவு இரும்பு. கண்ணாடிக்கூரைத் தோட்டத்துக்குக் கதவு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சங்கிலியும் பூட்டும்தான். ஆனால் பூட்டு கனமான பூட்டு. ஒவ்வொன்றின் முன்னாலும் கார்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டும் டீச்சர் கைப்பையைப் பிடித்துக்கொண்டும் நிற்க, போகிற வருகிறவர்களைக் கெஞ்சி எடுத்த படங்கள் மாதாமாதம் ஊருக்குப் போயின.

படங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் டீச்சரின் தம்பி ஒருநாள் போனில் கேட்டே விட்டார்.

"அத்தான், தப்பா நெனைக்காதீங்க. அந்த நாட்டுல எதையுமே தொறக்க மாட்டாங்களா?"

"தொறப்பாங்களே. செவ்வாக்கிழமையிலேருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"அப்ப செவ்வாக்கிழமை போறதுதானே?"

"நமக்கு லீவு திங்கக்கிழமை," என்றார் கார்டு.

மைத்துனர் அதற்கு மேல் கேட்கவில்லை. கார்டிடம் அதற்கு மேல் கேட்டவர்கள் யாரும் சந்தோஷமாகத் திரும்பியதில்லை.

கார்டு என்பது அவர் பார்த்த வேலை. முப்பத்தாறு வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலும் கையுமாக நின்றவர். அந்த முப்பத்தாறு வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை, ஒரு நிமிஷம் தாமதமாகப் போனதில்லை. மற்றவர்களால் ரயில் தாமதமாகியிருக்கிறது. அது வேறு கணக்கு. டீச்சர் நடுநிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் அறிவியல் எடுத்தவர். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டதால் கட்டிய புருஷனும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். 'டீச்சர்' என்று மரியாதையாக ஆரம்பித்து, அடுத்த வார்த்தையிலேயே 'வா, போ' என்பார்.

ஓய்வு பெற்ற தம்பதிகளை அவர்கள் சபை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புவதுண்டு. பதினெட்டு மாதம். அங்கே டயர் கடைக்கு மேலே ஒரு கூடம், நாற்பது நாற்காலி, இருபத்திரண்டு பேர். அந்த இருபத்திரண்டு பேரை இருபத்தைந்தாக ஆக்க வேண்டும். முடியாவிட்டால் இருபத்தொன்றாக ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான். காலை ஆறரைக்கு எழுந்து ஜெபம், வாசிப்பு, கஞ்சி. பத்து மணிக்கு வெளியே கிளம்பி, லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் குடியிருப்புகளில் ஏறி இறங்கிக் கதவு தட்டுவது. அந்த ஊர் பாஷையில் நாற்பது வாக்கியம் கற்றுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு கடவுளைப் பற்றியது, இரண்டு பஸ்ஸைப் பற்றியது. பஸ்ஸைப் பற்றியதுதான் ஜனங்களுக்குப் புரிந்தது.

இரண்டாம் மாடித் தையல்காரர் அவர்களைக் குடிநீர் அலுவலகத்து ஆட்கள் என்றே நினைத்திருந்தார். கதவைத் திறந்ததும் ஒழுகுகிற குழாயைக் காட்டுவார். அவர்கள் வேதத்தைக் காட்டுவார்கள். ஐந்து மாதம் இப்படியே போனது. கடைசியில் கார்டு தானே ஒரு வாஷர் வாங்கிக் கொண்டுபோய்க் குழாயைச் சரிசெய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நன்றிக்கு வந்தவர், பிறகு அப்படியே வர ஆரம்பித்துவிட்டார். பதினேழு மாத ஊழியத்தின் பலன் இருபத்திமூன்றாவது ஆளாக அவர் ஒருவர்தான். அதுவும் வாஷரின் பலன்.

ஊழியத்துக்கு ஒரு கைப்புத்தகம் உண்டு. தொண்ணூற்றாறு பக்கம். கார்டு எண்பதாம் பக்கம் வரை இரண்டு முறை படித்து நெட்டுருப் போட்டுவிட்டார். எண்பத்தோராம் பக்கத்திலிருந்து 'முதிய தம்பதியருக்கு' என்று தலைப்புப் போட்டிருந்தது. கார்டுக்கு அறுபத்துமூன்று வயது. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி மீசைக்கு மை அடிப்பவர். முழங்கால், மாத்திரை, வெந்நீர் என்று கிழவர்களுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். டீச்சரோ விமானத்திலேயே முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படித்தார். சும்மா படிக்கவில்லை, சிவப்புப் பேனாவோடு படித்தார். எழுத்துப் பிழை எங்கே கண்டாலும் சுழித்துத் திருத்தாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

விதிகளில் முக்கியமானது, ஊழியத் துணைகள் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறையக்கூடாது என்பது. குளியலறை மட்டும் விலக்கு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம்; கார்டு ஓய்வு பெறும் வரை இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல நாலு நாள் ஒரே வீட்டில் இருந்ததில்லை. ஒன்று அவர் ரயிலில் இருப்பார், இல்லை ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். மகள் பிறந்தபோது ஏதோ ஒரு ஸ்டேஷனில் சரக்கு வண்டியோடு நின்றிருந்தார். லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நாலாம் நாள் டைம்டேபிள்படி வந்து குழந்தையைப் பார்த்தார். டீச்சர் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் விழா வைத்தார்கள். அன்றைக்கும் டியூட்டி. மாற்றிக்கொள்ள ஆள் இருந்தது, மாற்றிக்கொள்ளும் பழக்கம் இல்லை. டீச்சர் மாலையும் சுவர்க்கடிகாரமுமாக ஆட்டோவில் தனியாக வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் அப்படி எதுவும் இல்லை என்றே கார்டு நம்பியிருந்தார்.

இன்னொரு விதி நாற்பத்திரண்டாவது. 'ஓய்வு நாளான திங்கட்கிழமை தவிர வேறு நாள்களில் சுற்றிப் பார்க்கச் செல்லக்கூடாது.' ஊழியத்துக்கு ஓய்வு கொடுத்தவர்களும் அருங்காட்சியகங்களுக்கு ஓய்வு கொடுத்தவர்களும் ஒரே கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கார்டு இதில் யார் மேலும் குறை காணவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் போக முடியுமா என்று மட்டும் ஒரு தடவை டைம்டேபிள் போட்டுப் பார்த்தார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். பஸ்ஸுக்குப் போக நாற்பது, வர நாற்பது. பார்ப்பதற்கு மைனஸ் இருபது நிமிஷம் மிஞ்சியது.

இதெல்லாம் கோட்டைக்கும் அரண்மனைக்கும் சரி. டீச்சருக்கு அந்த இரண்டிலும் ஆசை இல்லை. அவருக்கு வேண்டியது திமிங்கலம்.

வந்த நாலாவது திங்கட்கிழமை ஒரு செங்கல் கட்டடத்தின் முன் நின்றார்கள். வாசலில் ஒட்டியிருந்த படத்தில் கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு முழுசாகத் தொங்கியது. டீச்சர் அந்தப் படத்தின் முன்னால் அசையாமல் நின்றார். பிறகு கட்டடத்தைச் சுற்றி நடந்தார். பக்கத்துச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. மூன்று படி ஏறி, குதிகாலைத் தூக்கி நின்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாலின் கடைசி நாலு எலும்பு தெரிந்தது. நாலே நாலு.

"ஏங்க, வாலைப் பாத்துட்டுத் திமிங்கலத்தப் பாத்தேன்னு சொல்லலாமா?"

கார்டு யோசித்தார். "நான் முப்பத்தாறு வருஷம் கடைசிப் பெட்டியிலதான் இருந்தேன். அதுக்காக நான் ரயிலப் பாக்கலைன்னு சொல்லுவியா?"

"நீங்க இஞ்சினப் பாத்திருக்கீங்கள்ல?"

"பாத்திருக்கேன்."

"நான் தலையப் பாக்கலையே," என்றார் டீச்சர். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். அன்றைக்குத்தான் தன்னுடைய ஒரு பொய்யைப் பற்றி முதல்முதலாகச் சொன்னார்.

ஏழாம் வகுப்பில் பாலூட்டிகள் பாடம் வரும். திமிங்கலம் மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?" வயது இருபத்தேழு, கையில் சாக்பீஸ், முன்னால் ஐம்பது தலை. டீச்சர் சொன்னார்: "ம், பாத்திருக்கேன்." எவ்வளவு நீளம் என்று கேட்டாள். "ஒரு பஸ் நீளம்." வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எழுந்து அதையே கேட்டார்கள். முப்பத்தொரு வருஷம் அதே பதில். ஞாயிற்றுக்கிழமை சபையில் பொய் சொல்லக்கூடாது என்று பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான்.

"வேற எதுலயும் நான் பொய் சொன்னதில்லங்க. இது ஒண்ணு மட்டும் முள்ளு மாதிரி உள்ளயே கெடக்கு. ஒரு தடவ முழுசாப் பாத்துட்டேன்னா, அப்பச் சொன்னது பொய்யாவே இருந்தாலும் இனிமே உண்மையாயிரும்ல?"

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது கார்டுக்குத் தெரிந்தது. ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் ஓட்டையை எடுத்துக்காட்டத் தோன்றவில்லை. "பாப்போம்," என்றார்.

அந்தப் 'பாப்போம்' பதினாறு மாதம் ஓடியது. நடுவில் எத்தனையோ திங்கட்கிழமை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். உள்ளே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லாததால் கார்டு பேசினார். எந்த ஸ்டேஷனில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்தப் பாலத்தில் வண்டி எப்படிச் சத்தம் போடும் என்று முப்பத்தெட்டு வருஷத்தில் சொல்லாததெல்லாம் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டே நாலு எலும்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு திங்கட்கிழமை அரசாங்க விடுமுறை என்று அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு இவர்கள் ஊரின் மறுகோடியில் பூட்டிய ஏரிப் பூங்காவின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள்தான் பஸ்ஸில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தார்கள்.

ஊழியத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். தலைவர் நம்மூர்ப் பக்கத்து ஆள்தான், முப்பத்தாறு வயது, நல்ல மனுஷர். ஆனால் கார்டுக்குச் சலுகை கேட்பது என்றால் நாக்குப் புரளாது. அதோடு அவருக்கு ஒரு பெருமை சேர்ந்திருந்தது. ஞாயிறுதோறும் ஆளுக்கொரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஏழாவது கேள்வி: 'இந்த வாரம் எல்லா விதிகளையும் கடைப்பிடித்தீர்களா? ஆம் / இல்லை.' வாரா வாரம் கார்டு 'ஆம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறார். தலைவரே சொல்லியிருந்தார்: "ஐயா, எழுபத்தெட்டு வாரமும் ஆம் போட்டவங்க இதுவரைக்கும் யாருமில்ல. கடைசி ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் வாசிக்கப்போறேன்." முப்பத்தாறு வருஷத்துக்கு ரயில்வேகூட அப்படி வாசிக்கவில்லை. ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள், அது மெதுவாக ஓடியது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இன்னொரு கடமை. துணைகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஜெபம் செய்து, மற்றவரிடம் நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று சொல்ல வேண்டும். கார்டு இதற்கென்று நோட்டுப் போட்டிருந்தார். அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: நல்லது, சமையல், திருத்த வேண்டியது, கிளம்பும்போது மூன்று நிமிஷத் தாமதம். டீச்சர் சொல்வதும் ஒன்றுதான்: நல்லது, நேரம் தவறுவதில்லை, திருத்த வேண்டியது, ஒன்றுமில்லை. எழுபத்தாறு 'ஒன்றுமில்லை'கள் நோட்டில் வரிசையாக இருந்தன.

எழுபத்தேழாவது சனிக்கிழமை, ஊருக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, கார்டு வழக்கம்போல 'ஒன்' வரைக்கும் எழுதிவிட்டார்.

"திருத்த வேண்டியது இருக்கு," என்றார் டீச்சர்.

பேனா நின்றது. "என்னது?"

"திமிங்கலம்."

"அது என்னோட குறையா, மியூசியத்தோட குறையா?"

"உங்களோடதுதான்."

"டீச்சர், விதி நாப்பத்திரெண்டு..."

"தெரியும். நான் ஒண்ணும் கேக்கல. சொல்லணும்னு விதி இருக்கு, சொன்னேன். எழுதிக்கோங்க."

கார்டு 'ஒன்'-ஐ அடித்துவிட்டு 'திமிங்கலம்' என்று எழுதினார். அந்த நோட்டில் அதுதான் முதல் அடித்தல். இரவுச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்ததா என்று டீச்சர் கேட்டபோது அவருக்கு ஞாபகமில்லை.

திங்கட்கிழமை கடைசி முறையாகப் போனார்கள். வாலையாவது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவோம் என்று கார்டுதான் கிளப்பினார். படிக்கட்டு ஏறிக் குதிகாலைத் தூக்கினால் உள்ளே யாரோ ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பெரிய அலமாரியை நிறுத்தியிருந்தார்கள். புதிதாகச் சாயம் பூசிய அலமாரி. எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. டீச்சர் கீழே இறங்கி, அதே படியில் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து பாதியை அவருக்கு எடுத்து வைத்தார்.

"இத்தன நாள் வாலாவது இருந்துச்சு," என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். டைம்டேபிள்படி வந்து மகளைப் பார்த்த அந்த நாலாம் நாள் கார்டுக்கு ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கும் டீச்சர் இதே குரலில் "வந்துட்டீங்களா, கை கழுவிட்டுத் தூக்குங்க" என்றுதான் சொன்னார். அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்திருக்குமோ என்று முப்பத்தைந்து வருஷம் கழித்து முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.

புதன்கிழமை காலை மூன்றாம் குடியிருப்பில் ஒரு வீடு முடிந்தது. பதினொன்றரைக்குத் தையல்காரரிடம் விடை சொல்ல வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு இதமாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். சாலைக்கு வந்தபோது மணி பதினொன்று ஐந்து. எதிர்ப்பக்கம் பதினாலாம் நம்பர் பஸ் வந்துகொண்டிருந்தது. செங்கல் கட்டடம் வழியாகப் போகிற பஸ்.

கார்டு சாலையைக் கடந்து கையை நீட்டினார். பச்சைக் கொடி பிடித்த கை; விறைப்பாக நின்றது. பஸ் நின்றது.

"ஏறு," என்றார்.

"இது தையக்காரர் வீட்டுக்குப் போகாதே."

"தெரியும். ஏறு டீச்சர், வண்டிய நிறுத்தி வைக்கக்கூடாது."

டீச்சர் ஏறினார். கார்டு முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் இவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது போல என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அருங்காட்சியகத்தின் கதவு திறந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீட்டுக் கொடுக்கும் அம்மாள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பலகையைக் காட்டினாள். டீச்சர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டார். கார்டு முழுச்சீட்டு வாங்கினார்.

கூடத்தில் கூட்டம் இல்லை. கூரையிலிருந்து இரும்புக் கயிறுகளில் அது தொங்கியது. தலை இந்தப் பக்கம். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு தலைக்கு நேர்கீழே நின்று, வகுப்பில் தலை எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி முதுகெலும்பை எண்ண ஆரம்பித்தார். முப்பத்திரண்டில் விட்டுப்போனது. திரும்பத் தலைக்கு வந்து ஒன்றிலிருந்து எண்ணினார். கார்டு அவசரப்படுத்தவில்லை. மணியும் பார்க்கவில்லை. வேண்டுமானால் இதைப் பேப்பரில் போடலாம்.

கார்டு தன் பாட்டுக்குத் தலையிலிருந்து வால் வரை அடி வைத்து அளந்துகொண்டு போனார். பெட்டி அளந்து பழகிய கால். வாலோரத்தில் அந்த நாலு எலும்பும் இருந்தன, பழகிய முகங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே அவர்கள் உட்காரும் படிக்கட்டு தெரிந்தது. உள்ளேயிருந்து பார்க்க மிகவும் சின்னதாக இருந்தது. இத்தனை நாளும் இவளை அங்கே உட்கார வைத்திருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எத்தன அடிங்க?" என்று தலைப்பக்கத்திலிருந்து டீச்சர் கேட்டார்.

"எழுபத்தஞ்சு."

"பஸ்ஸு?"

"பஸ் ஒரு நாப்பது இருக்கும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கிட்டே வந்து பார்த்தால் இரண்டும்தான். "முப்பத்தொரு வருஷமா பொய்யக்கூட கொறச்சுல்ல சொல்லியிருக்கேன்," என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, நிமிர்ந்து நின்று, யாரோ முதல் பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டதுபோல, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ம். பாத்திருக்கேன்."

தையல்காரர் வீட்டுக்கு அன்று மூன்று மணி பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குளியலறைக் குழாயைக் காட்டினார்.

கடைசி ஞாயிறு. கூட்டம் ஆரம்பிக்க அரைமணி இருக்கும்போது தலைவர் தன் சின்ன அறையில் இருவரையும் உட்காரவைத்துப் படிவங்களை வாங்கினார். கார்டு இரவே நிரப்பி வைத்திருந்தார். ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, அதற்கும் அடியில் கோடு போட்டு, தனித்தாளில் விளக்கமும் இணைத்திருந்தார்: 'புதன்கிழமை 11.05 முதல் 2.40 வரை பணியிலிருந்து விலகி அருங்காட்சியகம் சென்றது. விதி 42. காரணம்: திமிங்கலம். பொறுப்பு என்னுடையது மட்டும். துணைக்குப் பங்கில்லை.' கையெழுத்து, தேதி. வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் மெமோ அவர்மேலேயே எழுதியது.

தலைவர் ஒரு படிவத்தைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"ஐயா, நீங்க இல்லன்னு போட்டிருக்கீங்க. அம்மா ஆம்னு போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருந்தீங்க?"

கார்டு டீச்சர் பக்கம் திரும்பினார். ஒரு பொய்யை உண்மையாக்கப் போய், தன்னைக் காப்பாற்ற இவள் இன்னொரு பொய் எழுதிவிட்டாளே! "டீச்சர், என்ன இது? எனக்காகவா? மாத்தி எழுது," என்றார்.

"நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் டீச்சர்.

தலைவர் இதற்குள் இணைப்புத் தாளைப் படித்து முடித்திருந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஐயா, நாப்பத்திரெண்டு சின்ன வயசு ஊழியக்காரங்களுக்கு. உங்கள மாதிரி தம்பதிகளுக்கு எந்த நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கலாமே. பின்னாடி போட்டிருக்குமே, எண்பத்து..." புத்தகத்தைத் தேடினார். டீச்சர் கைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார். எண்பத்து நாலாம் பக்கம். 'முதிய தம்பதியர் தங்கள் வசதிக்கேற்ப வாரத்தில் எந்த நாளையும் ஓய்வு நாளாகக் கொள்ளலாம்.' அதில் 'வசதிகேற்ப' என்று அச்சாகியிருந்தது. விட்டுப்போன 'க்' என்ற எழுத்தைச் சிவப்பு மையில் சேர்த்திருந்தார் டீச்சர்.

கார்டு அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு என்றால் நிற்க வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

"உனக்குத் தெரியுமா?"

"பிளேன்லயே படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." டீச்சர் கைப்பையின் வாரைத் திருகினார். பிறகு, தலைவர் இருப்பதையும் பார்க்காமல், ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "சொல்லியிருந்தா மறுநாளே கூட்டிட்டுப் போயிருப்பீங்க. விதியில எழுதியிருக்குன்னு கூட்டிட்டுப் போயிருப்பீங்க. பொண்ணு பொறந்தப்ப விதி, நான் ரிட்டையரானப்ப விதி. எனக்காக, எனக்காக மட்டும், ஒரே ஒரு தடவ நீங்க லேட்டா வரணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்."

"நான் கூட்டிட்டுப் போகாமயே இருந்திருந்தா?"

"வாலைப் பாத்ததோட ஊருக்கு வந்திருப்பேன்."

கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேனாவை எடுத்தார். "அப்ப ஒரு மீறலும் இல்லையேய்யா. இத ஆம்னு திருத்திடுறேன். எழுபத்தெட்டும் ஆம். வாசிச்சிடலாம்."

கார்டு கையை நீட்டி, படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அது இல்லன்னே இருக்கட்டும்."

"ஐயா, ரிக்கார்டு..."

"அதுதான் ரிக்கார்டு."

தலைவர் பேனாவை மூடினார். கார்டு உள்ளங்கையை எடுத்ததும் டீச்சர் குனிந்து அந்த 'இல்லை'யைப் பார்த்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டு, கீழே தன் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார்.